பதினெட்டாவது ஆள்

வெம்பிளியில் அந்தப் பெரிய ஸ்டேடியத்தின் வளைவு எழும்பிக்கொண்டிருந்த வருடம், என் தம்பியின் யூனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்போல் டீம் எல்லா மேட்ச்சிலும் தோற்றது. ஒன்றுகூட மிச்சமில்லை. இன்றைக்கும் ஏதாவது கலியாண வீட்டில் யாராவது ஒருவர் வடையைக் கடித்தபடி கேட்பார்: "உன்ரை தம்பியின்ரை டீம் ஒரு மேட்ச்சாவது வெண்டதோ?" கேட்டுவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவரைப் பார்ப்பார். பக்கத்துக் கதிரை சிரிக்கும்.

சிரித்துவிட்டுப் போகட்டும். தோற்றதற்காக அந்தப் பொடியன்களில் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. ஆனால் அந்த சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் தன் வசதிக்கு ஒரு பகிடிக் கதையாக்கி, வெம்பிளியிலிருந்து இல்ஃபோர்ட் வரைக்கும் காவித் திரிகிறார். அந்தக் கதையில் தம்பி ஒரு விசரன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. நான் பயந்தாங்கொள்ளி என்பது சரி. மற்றது பச்சைப் பொய்.

என் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும்போது பாதி வழியில் திரும்பி வந்து கதவுப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். காஸ் அடுப்பை நிற்பாட்டியாச்சா என்று வீட்டுக்குப் போன் எடுப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஜேர்மனியில் ஏழெட்டு வருடம் ரெஸ்டோரண்ட் குசினிகளில் நின்றவன், பிறகு லண்டன் வந்து வெம்பிளியில் ஒரு தமிழ்ச் சாமான் கடைக்கு வான் ஓடியவன். கடிதம் எதுவும் வந்தால் பிரிக்க முன்னமே நெஞ்சு அடிக்கும். தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். எங்கள் குடும்பத்தில் யூனிவர்சிட்டி வாசலை மிதித்த முதல் ஆள். அவனை என் பொறுப்பில் விட்ட நாளிலிருந்து எனக்கு முழு நித்திரை என்று ஒன்று இல்லை.

அவன் இந்த விளையாட்டில் சேர்ந்தது அவன் கழுத்தில் கன்றியிருந்த நீலத்தால்தான் எனக்குத் தெரிய வந்தது. யாரோ ரோட்டில் வைத்து அடித்துவிட்டார்கள் என்று நினைத்து பொலிசுக்குப் போன் எடுக்கப் போனேன்.

"அண்ணா, போனை வையுங்கோ. அது விளையாட்டு."

"விளையாட்டெண்டா ஏன்டா கழுத்து நீலம்?"

"ஹெல்மெட் போட்டுத்தான் விளையாடுறம்."

"ஹெல்மெட் போட வேண்டிய விளையாட்டை ஏன் விளையாடுவான்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகு இன்னும் பயந்துபோனேன். இரண்டு பக்கமும் மாடு மாதிரிப் பொடியன்கள் குனிந்து நிற்கிறார்கள். நடுவில் குனிந்து நிற்கிறவன் பந்தைத் தன் காலுக்குள்ளால் பின்னுக்குக் கொடுப்பான். கொடுத்த அதே நொடியில் முன்னுக்கு நிற்கிறவன் அவன் மேல் வந்து விழுவான். அந்த நடுவில் குனிகிறவன் என் தம்பி. பந்து எங்கே போகிறது, யாருக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு கும்பலாக விழுவார்கள், ஒவ்வொருவராக எழும்புவார்கள். அவன் எழும்பிவிட்டானா என்று பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு.

எங்கள் ஆட்களுக்கு இது பெரிய பகிடி. கடைக்கு வருகிற ஒரு அண்ணை, "குனிஞ்சு நிண்டு பின்னுக்குக் குடுக்கிறதுக்கோ உவனை யூனிவர்சிட்டிக்கு அனுப்பினனீ?" என்று கேட்டார். அவருடைய மகன் பரீட்சை முடிந்த நாளிலிருந்து சோபாவில் கிடந்து வீடியோ கேம் விளையாடுகிறான். அது கௌரவம். என் தம்பி மழைக்குள் அடி வாங்கினால் அது பகிடி.

நான் எப்படி ஒவ்வொரு ஞாயிறும் போகிற ஆளானேன் என்றால், வானால்தான். யூனிவர்சிட்டி மாணவர் யூனியனிடம் மினிபஸ் இருந்தது. ரக்பிக்குக் கொடுத்தார்கள், ஹொக்கிக்குக் கொடுத்தார்கள். இவர்கள் கேட்டால் மட்டும், "நீங்கள் ஏதாவது ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்" என்றார்கள். ஏன் என்று கேட்டால், வெல்கிற டீமுக்குத்தான் முதலிடம் என்றார்கள். மினிபஸ் இல்லாமல் ட்ரெயினில் இரண்டு தரம் மாறி, தோள் பாட்ஸும் ஹெல்மெட்டும் தூக்கிக்கொண்டு களைத்துப் போய் இறங்குகிறவன் எப்படி வெல்வான்? நான் கடை முதலாளியின் காலைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைக்கு வானை வாங்கினேன். பொடியன்கள் ட்ரெயினில் வருவார்கள், சாமான் என் வானில் வரும். வானில் கிழமை முழுக்கக் கருவாடு ஏற்றியிருப்போம். எதிர் டீமில் ஒருவன், குனிந்து நிற்கும்போது மூக்கைச் சுளித்து, "உங்களில் என்ன மணக்கிறது?" என்று கேட்டானாம். எங்கள் பக்கத்து வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன், "தோல்வி" என்று சொன்னானாம். தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தப் பொடியன்களிடம் அது இருந்தது. என்னிடம் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிசம்பரில், நத்தாருக்கு முன் ஒரு மேட்ச். எதிர்ப் பக்கம் ஐம்பது புள்ளிக்கு மேல், நாங்கள் சைபர். முடிய ஐந்து நிமிஷம்கூட இல்லை. அப்போதும் அவர்களுடைய கோச் நீளப் பந்து எறியச் சொல்லிக் கத்துகிறான். எறிகிறார்கள், பிடிக்கிறார்கள், டச்டவுன் என்று கோட்டைத் தாண்டி விழுகிறார்கள், விழுந்துவிட்டு ஆடுகிறார்கள். ஐம்பது போதாதா? இன்னும் ஏழு புள்ளியை வைத்து என்ன செய்யப் போகிறார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கவா? நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஜேர்மன் பாஷையில் திட்டினேன். ஜேர்மன் தூஷணம் லண்டனில் ஒருவருக்கும் விளங்காது, அதனால் பயமில்லாமல் திட்டலாம். எங்கள் கோச் அந்த மேட்ச்சோடு இனி வரமாட்டேன் என்று போய்விட்டார். கப்டனும் போய்விட்டான். கப்டன் பதவியை ஒருவரும் எடுக்க விரும்பாததால் அது தம்பியிடம் வந்தது. கப்டனும் அவன்தான், கோச்சும் அவன்தான்.

ஜனவரியில் பரீட்சையும் காய்ச்சலும் சேர்ந்து வந்து ஒரு மேட்ச்சுக்கு ஆள் போதவில்லை. அந்த லீக்கில் குறைந்தது பதினெட்டுப் பேராவது உடுப்போடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் விளையாடாமலே தோல்வி. இரண்டாம் தரமும் அப்படி நடந்தால் லீக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள். யூனியனில் இருந்த பொறுப்பாளர், ஒரு இளம் பெண், தம்பியைக் கூப்பிட்டு நேரே சொல்லிவிட்டாள்: லீக் இல்லாவிட்டால் கிளப்பும் இல்லை, மூடிவிடுவோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தபோது நன்றாகச் சாப்பிட்டவன். "எனக்கு இது கடைசி வருசம் அண்ணா. நான் போயிடுவன். முதலாம் வருசப் பொடியள் ஒம்பது பேர் இருக்கிறாங்கள். அவங்கள் அடுத்த வருசம் எங்கை போறது?" என்றான். அடுத்த வருடத் தோல்விக்கு இப்போதே இடம் பிடித்து வைக்கிற கப்டனை உலகத்தில் வேறு எங்கும் காண முடியாது. ஆனால் அவன் கேட்டது அதைத்தான். வெற்றி கேட்கவில்லை. கிளப் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனிச் செயலாளருக்கு வருகிறேன்.

கோடை வந்தால் லண்டனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் மைதானம் எடுத்து உதைபந்தாட்டப் போட்டி வைப்பார்கள். கொத்துரொட்டி இருக்கும், ஐஸ்கிறீம் இருக்கும், ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சு விடாமல் கத்துவார். அதில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரில் இறங்குகிற பதினொரு பேரில் நாலு பேர் அந்தப் பள்ளிக்கூடத்து மதிலைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். பிரான்ஸிலிருந்து ஒருவன் வருவான், சுவிஸிலிருந்து ஒருவன் வருவான், ஒரு வருடம் ஆபிரிக்காக்காரன் ஒருவனுக்கு எங்கள் ஊர்ப் பெயர் ஒன்று வைத்து இறக்கினார்கள். ஆள் இறக்கிறது என்று இதற்குப் பெயர். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் இறக்குவார்கள், மற்றவன் இறக்கிவிட்டான் என்று எல்லாரும் சண்டையும் பிடிப்பார்கள். எங்கள் சங்கத்தில் ஆள் இறக்குவதில் வலு கெட்டிக்காரர் செயலாளர். ஹரோவில் கணக்காளர். கோட்டுப் போடாமல் கோழிக்கடைக்கும் போக மாட்டார்.

கடைசி மேட்ச்சுக்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை, அவர் கடையில் நின்று முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

சொன்னேன். என்னால் ஒரு கவலையையும் வாய்க்குள் வைத்திருக்க ஏலாது.

"எத்தினை பேர் வேணும்?"

"பதினெட்டு அண்ணை."

"எத்தினை பேர் இருக்கினம்?"

"பதினெட்டு."

"பிறகென்ன?"

"ஒருத்தனுக்குத் தடிமன் பிடிச்சாலும் முடிஞ்சுது."

"புது ஆளைச் சேக்கிறது?"

"பதியிற நாள் முடிஞ்சுது. அங்கை படிக்கிற, பதிஞ்ச ஆக்கள்தான் இறங்கலாம்."

அவர் முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "உந்த விளையாட்டிலை தலையிலை சட்டி மாதிரி ஒண்டு கவுக்கிறவை எல்லோ?"

"ஓம்."

"முன்னுக்குக் கம்பியும்."

"ஓம்."

"அப்ப முகம் தெரியாது," என்றார். நான் அப்போது கழுத்தெலும்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு ஏதோ யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஆட்கள் நாயை நடத்திக்கொண்டு போகிற பார்க். லைட் போட்ட நல்ல மைதானம் ரக்பிக்கு. இவர்கள் காலையில் வந்து நாய்ப் பீயைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கோடு போடுவார்கள். எதிர் டீம் வடக்கே எங்கேயோ இருந்து பெரிய பஸ் ஒன்றில் வந்து இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஐம்பது பேர் இருக்கும்.

எங்கள் பக்கம் தம்பி எண்ணினான். பதினேழு. திரும்ப எண்ணினான். ஒருவன் வரவில்லை. போன் நிற்பாட்டிக் கிடந்தது. காய்ச்சல் என்று அவன் பிறகு சொன்னான், முதல்நாள் குடித்துவிட்டுப் படுத்தவன் எழும்பவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். கோடு போட்ட சேர்ட் அணிந்த நடுவர்கள் வந்துவிட்டார்கள். இன்னும் அரைமணி நேரம் பார்ப்போம் என்றார்கள். தம்பி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர்ப் போத்தல் நிரப்பிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டேன்.

திரும்பி வந்தால் வான் ஆடுகிறது. கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே ஆள் சத்தம். கள்ளர் என்றுதான் நினைத்தேன். கையில் இருந்த போத்தலை ஓங்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அரிசி மூட்டையின் மேல் என் மச்சான் இருந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இல்ஃபோர்ட்டில் ஒரு கேஷ் அண்ட் கேரியில் வேலை. இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போன் கதைக்கிற ஆள். வயது நாற்பதுக்குக் கிட்ட. தோள் பாட்ஸை முன்பக்கம் பின்பக்கமாகப் போட்டிருந்தார். அதற்கு மேலால் எழுபத்திரண்டாம் இலக்க ஜேர்சியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தவர் செயலாளர். கோட்டோடு.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"கத்தாதை. கதவைச் சாத்து."

"மச்சான், நீங்கள் எப்பிடி இஞ்சை?"

"நீர்தான் வரச் சொன்னனீர் எண்டு இவர் சொன்னார்," என்றார் மச்சான், மூச்சு வாங்க. "வயித்தை எக்கச் சொல்லுறார். எக்கிக்கொண்டுதான் இருக்கிறன்."

நான் ஏதாவது சொல்ல முன்னம் செயலாளர் ஹெல்மெட்டை எடுத்து மச்சானின் தலையில் கவிழ்த்து, உச்சியில் ஒரு தட்டுத் தட்டினார். "ஓடும். போய் வரிசையிலை நில்லும். ஒண்டும் கதைக்காதையும். ஆரும் கேட்டா யெஸ் எண்டு சொல்லும்."

மச்சான் வானிலிருந்து குதித்து, கயிற்றைத் தூக்கிக்கொண்டு, பொடியன்களின் வரிசைக் கடைசியில் போய் நின்றார். தம்பி தூரத்திலிருந்து எண்ணினான். பதினெட்டு. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. ஓடி வந்து எழுபத்திரண்டின் தோளில் குத்தினான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. எழுபத்திரண்டாம் இலக்கத்துக்குரிய பொடியன் கையில் பிளாஸ்டர் கட்டோடு என் பக்கத்தில் நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி குனிந்து கம்பிக்குள்ளால் பார்த்தான். உள்ளே மீசை, மூன்று வரி திருநீறு. மச்சான் விடியவே கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்.

"ஆரிது?"

"நான்தான்டா."

"மச்சானோ?"

"யெஸ்," என்றார் மச்சான்.

நடுவர்கள் நடந்து வருகிறார்கள். செயலாளர் கயிற்றில் சாய்ந்து நின்று, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு, தமிழில் சொல்கிறார்: "தம்பி, பேசாமல் விளையாடு. ஒரு பந்தும் அவரிட்டைக் குடுக்க வேண்டாம். சும்மா நிண்டாக் காணும். உனக்குக் கிளப் வேணுமோ வேண்டாமோ?"

அவனுக்கு வேணும். நடுங்கிக்கொண்டு நின்ற அந்த முதலாம் வருடப் பொடியன்களை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். ஒருவன் அன்றைக்குத்தான் புதுச் சப்பாத்துப் போட்டு வந்திருந்தான். அவர்களில் உயரமான ஒருவன் மெதுவாக, "கப்டன், அவரை விளையாட விடு. ஆள் மலை மாதிரி இருக்கிறார். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான். ஆக, அவன் பக்கத்து ஆளும் அதையே சொல்கிறான். எனக்கும் நாக்கு நுனியில் அதுதான் நின்றது. ஒருநாள்தானேடா, என்று.

தம்பி சொன்னான்: "மச்சான், குறை நினையாதேங்கோ. கழட்டுங்கோ."

"எனக்கொரு குறையுமில்லை. ஆனா உது கழருதில்லை."

இரண்டு பொடியன்கள் சேர்ந்து இழுத்துத்தான் கழற்றினார்கள். காது இரண்டும் கொவ்வைப்பழம் மாதிரி. அதற்குள் தம்பி நடுவரிடம் போய்விட்டான். நான் தூரத்தில் நின்றேன். ஆனால் அவன் சொன்னது கேட்டது. நாங்கள் பதினேழு பேர், வேறு ஆட்கள் வரமாட்டார்கள், என்றான். நடுவர் மச்சானின் திருநீற்றைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். விசில் ஊதினார். முடிந்தது.

எதிர் டீம் கைதட்டியது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். விளையாடாமல் வென்றதற்கு இப்படிக் குதிக்கிற ஆட்களை நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. ஐம்பது பேர் வந்திருக்கிறீர்கள், அவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், சும்மா சிநேகிதத்துக்கு ஒரு மேட்ச் விளையாடுவோமா என்று தம்பி போய்க் கேட்டான். அவர்களுடைய கோச் கையைக் குலுக்கிவிட்டு, யாருக்காவது காயம் பட்டால் வீண் வேலை, வழியில் சாப்பாட்டுக்கு வேறு சொல்லி வைத்திருக்கிறோம், என்றான். பஸ் போய்விட்டது.

உண்மையில் எனக்குத் தம்பியிலும் கோபம் வந்தது. வானில் சாமான் ஏற்றும்போது கேட்டேவிட்டேன். "என்னடா கண்டாய் உதாலை? அந்தப் பொடியளுக்காக எண்டுதானே நித்திரையில்லாமல் திரிஞ்சனீ?"

அவன் ஹெல்மெட்டுகளை அடுக்கிக்கொண்டே, "ஒவ்வொரு கிழமையும் வந்து அடி வாங்கினது நாங்கள் அண்ணா. அவரையும் சேத்து எண்ணிக் காட்டினா, அப்ப நாங்கள் பதினேழு பேரும் ஆர்?" என்றான்.

எனக்கு அது முழுக்க விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அடுக்கின ஹெல்மெட்டையே திரும்ப எடுத்து அடுக்கினான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மச்சான் ஜேர்சியைக் கழற்றித் தந்துவிட்டு, "பரவாயில்லை, ஒரு ஞாயித்துக்கிழமை வெளியிலை வந்தமாதிரி ஆச்சு," என்று ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். நல்ல மனிதர். செயலாளரின் கார் அந்தக் கிழமை திருத்தக் கொடுத்துக் கிடந்தது. வெம்பிளிப் பக்கம் என்பதால் என் வானில் ஏறிக்கொண்டார். முன் சீட்டில் நான், நடுவில் தம்பி, கரையில் அவர். வான் ஓடத் தொடங்க அவருடைய வாயும் ஓடத் தொடங்கியது.

"பெரிய அரிச்சந்திரன். ஒரு மனுசனை இல்ஃபோர்ட்டிலையிருந்து விடிய எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து, சட்டியைக் கவுத்து, எல்லாருக்கும் முன்னாலை மானத்தை வாங்கியாச்சு."

தம்பி முன்னுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்கள் உங்களுக்கு உதவி செய்ய வந்தம் தம்பி. இந்த நாட்டிலை ஆர் ஆருக்கு உதவி செய்யினம்?"

தம்பி மடியில் இருந்த ஹெல்மெட்டின் பட்டியை இழுத்துச் சரிசெய்தான்.

"நான் சொல்லட்டே? உங்களுக்குத் தோக்கிறதிலை ஒரு ருசி பிடிச்சிட்டுது. உந்த டீம் இருந்தாலென்ன, செத்தாலென்ன? ஒருத்தருக்கும் ஒரு நட்டமுமில்லை. நாய் உலாத்துறவைக்கு இடம் கிடைக்கும்."

ஹாங்கர் லேன் சுற்று வட்டத்துக்குக் கிட்ட ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக ஓரம் கட்டினேன்.

"என்ன, டயரோ?" என்றார்.

"இறங்குங்கோ அண்ணை."

"என்ன?"

"இறங்குங்கோ. இது என்ரை வானில்லை, கடை வான்தான். ஆனா இண்டைக்கு நான்தான் ஓடுறன். இறங்குங்கோ."

என் குரலை நானே அப்படிக் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கோட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். கதவை அடித்துச் சாத்தினார். நான் வானை எடுத்தேன். நூறு அடி போயிருக்க மாட்டேன், மழை தூறியது. அவருக்குப் பிரஷர் இருக்கிறது. குடையில்லை. பஸ் அட்டை வைத்திருக்கிறாரோ தெரியாது, காரில் திரியிற மனிதர். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, நீங்கள் திரும்பிப் போகப் போறியள் என்ன?"

"இல்லை," என்றேன். வட்டத்தை முழுக்கச் சுற்றி, அதே நிறுத்தத்துக்கு வந்தேன். அவர் அங்கேயே நின்றார். கண்ணாடியை இறக்கி, "அண்ணை, ஏறுங்கோ, நனையுறியள்," என்றேன். அவர் எதிர்ப் பக்கம் திரும்பி, பஸ் நேர அட்டவணையை மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார். திரும்பவும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது ஆள் இல்லை. அவர் இப்போது சொல்லித் திரிகிற கதையில் நான் அவரை மோட்டர்வேயில் தள்ளிவிட்டேன். திரும்பி வந்ததைச் சொல்வதில்லை. ஆள் இறக்கியதையும் சொல்வதில்லை. அந்தக் கோடையில் சங்கம் உதைபந்தாட்டக் கோப்பையை வென்றது. கோல் போட்ட மூன்று பேரும் சுவிஸ்.

லீக்கில் வெட்டினார்கள். யூனியன் கிளப்பை மூடியது. யாரும் ஒரு கூட்டம்கூட வைக்கவில்லை. சாமானை எல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். மினிபஸ் தராதவர்கள், மைதானம் தராதவர்கள், அந்தச் சாமானைத் திரும்பக் கொண்டுவரவும் மினிபஸ் தரவில்லை. கொண்டுபோனது என் வான்.

யூனியன் ஒஃபீஸ் வாசலில் அந்தப் பொறுப்பாளர்ப் பிள்ளை நின்றாள். நானும் தம்பியும் பெட்டி பெட்டியாகத் தூக்கி வைத்தோம். வயது தம்பியின் வயதுதான் இருக்கும். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன், முகத்தில் அனுதாபம் இருந்தது. தம்பியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: அந்தப் பெரிய ஆளைப் பற்றி நானும் கேள்விப்பட்டேன், நீ பேசாமல் விளையாடியிருக்கலாம், உண்மையில் ஒருவரும் சரிபார்ப்பதில்லை.

செயலாளர் சொன்னால் அது கொத்துரொட்டிப் போட்டிப் புத்தி என்று விடலாம். கடைசி வரைக்கும் சட்டம், சட்டம் என்று சொல்லி இவர்களை மூடின ஒஃபீஸ் வாசலில் நின்று, கழுத்தில் அட்டை தொங்க, இதைச் சொல்கிறாள். எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. என் இங்கிலீஷ் கடைக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் காணும். ஆனால் அன்றைக்கு வந்தது.

"ஒருவரும் சரிபார்க்க மாட்டார்களா? அப்படியென்றால் கிளப்பைத் திறந்து விடு," என்றேன். "இப்போதே திற. பேசாமல் திற. யார் பார்க்கப் போகிறார்கள்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. அது தன் கையில் இல்லை என்றாள். யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். கமிட்டி என்றாள். கமிட்டியைக் கூப்பிடு, நான் நிற்கிறேன், எனக்கு அவசரமில்லை, என்றேன். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன் இருந்த இரண்டு பேர் எழும்பி வந்து கதவடியில் நின்றார்கள். முதலாம் வருடத்தில் ஒன்பது பொடியன்கள் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே போவது, என்று அவர்களிடமும் கேட்டேன். ஒருவர் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். நான் அப்படியே நின்றேன்.

தம்பி கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"அண்ணா, காணும். வாங்கோ."

"இவை பதில் சொல்லட்டும்."

"சொல்ல மாட்டினம். வாங்கோ. வானை நிப்பாட்டக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டிலை விட்டிட்டு வந்து நிக்கிறியள். கதவும் திறந்து கிடக்கு."

திரும்பிப் பார்த்தேன். ஓம். திறந்து கிடந்தது. நான்தான் அப்படி விட்டிருந்தேன்.